மருந்தும் எரிபொருளும் தரும் நுண்ணுயிர்கள்



எங்கள் திருவாடானைப் பக்கம் வருவோர் கண்ணில் முதலில் படுவன இரண்டு. ஒன்று, வான்மழையை எதிர்நோக்கிக் கிடக்கும் வயல். மற்றொன்று, மழை பெய்தாலும் பொய்த்தாலும் நிமிர்ந்து நிற்கும் பனை. அந்தப் பனையில் கட்டிய கலயம் ஒன்றிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்க விரும்புகிறேன்.

பனைத்தொழிலாளி பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டுமுன் அதன் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவுகிறார். விடியற்காலையில் இறக்கினால் இனிய பதநீர் கிடைக்கிறது. சுண்ணாம்பு தடவ மறந்துவிட்டாலோ, அதே மரம், அதே பாளை, அதே சாறு. ஆனால் கலயத்தில் இருப்பது நுரைத்துப் பொங்கிய கள்! இது ஏன்?

நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், 1990ஆம் ஆண்டில், எட்டாம் வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டேன். வெயிலின் கோளாறு என்றான் ஒருவன். பாளையின் குணம் என்றான் இன்னொருவன். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். அவள் தந்தை பனையேறுபவர். "கலயத்துக்குள்ள நம்ம கண்ணுக்குத் தெரியாத ஆளுக இருந்து குடிக்கிறாங்க சார். சுண்ணாம்பு தடவுனா அவுங்களுக்கு வாய் வெந்துபோகும்" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நுண்ணுயிரியல் என்னும் பெருநூலின் முதற்பக்கத்தையே அச்சிறுமி சொல்லிவிட்டாள் என்பதை நான் அறிவேன். அவளைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

கலயத்துக்குள் குடித்துக்கொண்டிருந்தவர்கள் யார்? ஈஸ்ட் என்னும் ஒற்றை உயிரணு உயிரிகளும், பாக்டீரியா என்னும் அவற்றினும் சிறிய உயிரிகளுமே. அவை சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு, சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகின்றன. நுரையாகப் பொங்குவது அந்த வாயுவே. சுண்ணாம்பின் காரம் அவற்றுக்கு ஒவ்வாது. ஆகவே பதநீர் பதநீராகவே நிற்கிறது. நம் வீட்டில் இரவில் கரைத்து வைத்த இட்டலி மாவு காலையில் பொங்கி நிற்பதும் இத்தகைய நுண்ணுயிர்களின் வேலைதான். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மனிதன் அவற்றின் பெயரறியாமலே அவற்றை வேலை வாங்கி வந்திருக்கிறான்.

ஆனால், அவை தம் இயல்புப்படி செய்த வேலையைத்தான் நாம் பயன்படுத்திக் கொண்டோம். 'நீ இதுவரை செய்யாத ஒன்றை எனக்காகச் செய்' என்று ஒரு நுண்ணுயிரிடம் மனிதனால் கூற முடியுமா? முடியும் என்று காட்டியதே சென்ற ஐம்பது ஆண்டுகளின் அறிவியல்.

உயிருள்ள ஒவ்வோர் அணுவினுள்ளும் அதற்குரிய கட்டளைகள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டுள்ளன. ஒரு புரதத்தை எவ்வாறு செய்வது என்று கூறும் பகுதியை மரபணு என்கிறோம். இதில் பெரும் வியப்பு ஒன்று உண்டு. யானைக்கும் எறும்புக்கும், பனைக்கும் பாக்டீரியாவுக்கும், அக்கட்டளைகளை எழுதியிருக்கும் எழுத்து ஒன்றே. எழுத்து ஒன்றாக இருப்பதால், மனித உடலின் ஏட்டிலுள்ள ஒரு வரியைப் பாக்டீரியாவின் ஏட்டில் எழுதிவைத்தால், அதுவும் அதைப் படித்து அவ்வாறே செய்யும். எழுத வேண்டிய இடத்தில் இழையை நறுக்கும் கத்தரியும், மீண்டும் ஒட்டும் பசையும் நுண்ணுயிர்களிடமிருந்தே கிடைத்த நொதிகள். 1973ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் போயர் என்னும் இருவரும் அவ்வாறு ஓர் அயல் மரபணுவைப் பாக்டீரியாவினுள் செலுத்தி, அது அங்கே நிலைத்துப் பெருகுவதைக் காட்டினர். பாக்டீரியா நல்ல உணவும் இதமான சூடும் கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அத்தகைய ஒன்று தடையின்றிப் பெருகினால் பத்து மணி நேரத்தில் நூறு கோடியைத் தாண்டும். புதிதாக எழுதிய வரியும் அத்தனை ஏடுகளிலும் படியெடுக்கப்பட்டுவிடும்.

இந்த வித்தையால் யாருக்கு என்ன பயன்? அதைக் கூறவே மீண்டும் அச்சிறுமியிடம் வருகிறேன்.

அடுத்த ஆண்டு அவள் இளைத்துப் போனாள். ஓயாமல் தண்ணீர் குடித்தாள். ஒருநாள் காலை வழிபாட்டின்போது மயங்கி விழுந்தாள். அவளுக்கு நீரிழிவு என்று மருத்துவர் கூறினார். முதியோர்க்கு வருவதுபோல் மாத்திரைக்கும் பத்தியத்துக்கும் அடங்கும் நீரிழிவு அன்று அது. உடலில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிடும் வகை. நாள்தோறும் ஊசி வழியாக இன்சுலின் ஏற்றினால்தான் உயிர் தங்கும். நான் அவர்கள் வீட்டுக்குச் சென்று பார்த்தேன். மின்விளக்கே இல்லாத வீட்டில் குளிர்பதனப் பெட்டிக்கு எங்கே போவது? ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் தண்ணீர் வைத்து, அதில் மருந்துப் புட்டியை மிதக்க விட்டிருந்தார் அவள் தாய். புட்டி தீர்ந்தால் மதுரைக்குப் போய் வரவேண்டும். கையில் பணம் இல்லாத மாதத்தில் ஒருநாள் மருந்தை இரண்டு நாளைக்கு வைத்துக் கொண்டார்கள். அந்த ஐப்பசி மழையில் பாதை துண்டிக்கப்பட்டிருந்தபோது புட்டி காலியாயிற்று. நான்காம் நாள் அவள் இறந்தாள்.

நேயர்களே, அது 1991ஆம் ஆண்டு. அப்போது இன்சுலினைக் கண்டுபிடித்து எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன! 1921ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பேன்டிங், பெஸ்ட் ஆகியோர் அதைக் கண்டுபிடித்தனர். 1922 ஜனவரியில் லெனார்டு தாம்ஸன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் அதனால் உயிர் பிழைத்தான். கண்டுபிடித்தோர் அதன் உரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தனர். எளியோர்க்கும் மருந்து கிட்ட வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். ஆயினும் அந்த மருந்தை மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து பிழிந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒரு பவுண்டு இன்சுலினுக்கு ஏறத்தாழ 8,000 பவுண்டு கணையம் வேண்டும் என்பர். மூலப்பொருள் இவ்வளவு அரிதாக இருக்கும்போது பொருள் மலிவது எங்ஙனம்?

இங்கேதான் நுண்ணுயிர் கைகொடுத்தது. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த புரதம் என்பதையும், அவை கோக்கப்பட்ட வரிசையையும் கேம்பிரிட்ஜில் பிரெடரிக் சாங்கர் 1955ஆம் ஆண்டுக்குள் கண்டறிந்திருந்தார். இரண்டு மாலைகள், ஒன்றில் 21 மணிகள், மற்றொன்றில் 30 மணிகள். 1978ஆம் ஆண்டில் கலிபோர்னிய அறிஞர்கள், அவ்விரு மாலைகளுக்கும் உரிய மரபணுக்களைச் சோதனைக் குழாயிலேயே கோத்து, ஈ.கோலை என்னும் பாக்டீரியாவில் செலுத்தினர். நம் குடலில் வாழும் அந்தச் சிற்றுயிர், மாலைகளைத் தொடுத்துத் தந்தது. இரண்டையும் இணைத்தவுடன் மனித இன்சுலின் பிறந்தது. 1982ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஏற்றது. 1987 முதல் டென்மார்க் நாட்டு நிறுவனம் ஒன்று, ஈஸ்டைக் கொண்டே இன்சுலினைச் செய்யத் தொடங்கியது. ரொட்டியைப் பொங்க வைப்பதும், பனங்கலயத்தில் நுரைப்பதுமான அதே இன ஈஸ்ட்!

எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டில் தந்தை, கலயத்தில் நுழையாதிருக்கச் சுண்ணாம்பு தடவி விரட்டும் ஓர் உயிர். அதே வீட்டில் மகளைக் காக்கும் மருந்தை உலகின் வேறொரு மூலையில் சமைத்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் இடையே இருந்த தூரந்தான் அவளைக் கொன்றது.

அத்தூரத்தைக் குறைக்க முனைந்தவர்கள் நம் நாட்டிலும் தோன்றினார்கள். அவர்களுள் ஒருவர் வரபிரசாத் ரெட்டி. மின்னணுப் பொறியியல் கற்றவர். உயிரியலில் பட்டம் பெற்றவர் அல்லர். கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ்-பி என்னும் மஞ்சள் காமாலை நோய்க்குத் தடுப்பூசி அப்போது வெளிநாடுகளிலிருந்தே வந்தது. ஒருமுறை போட்டுக்கொள்ளப் பல நூறு ரூபாய் ஆகும். மூன்று முறை போட வேண்டும். அத்தொழில்நுட்பத்தை விலைக்குக் கேட்டபோது, இந்தியர்க்கு அது கைவராது என்று ஏளனமாக விடை வந்ததாக அவர் பலமுறை கூறியிருக்கிறார். 1993ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் தம் அன்னையின் பெயரால் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். உசுமானியாப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் அந்நகரின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்திலும் இளம் ஆய்வாளர்கள் உழைத்தனர். 1997ஆம் ஆண்டில் தடுப்பூசி வெளிவந்தது. விலை ஏறத்தாழ ஐம்பது ரூபாய்!

அது செய்யப்படும் முறை இனிமையானது. நோய் தரும் வைரசின் மேற்சட்டையாக ஒரு புரதம் உண்டு. அச்சட்டையைத் தைக்கும் மரபணுவை மட்டும் எடுத்துப் பிக்கியா என்னும் ஈஸ்டில் செலுத்துகிறார்கள். ஈஸ்ட் வெறும் சட்டைகளைத் தைத்துக் குவிக்கிறது. உள்ளே ஆள் இல்லை. அதை நம் உடலில் ஏற்றினால் நோய் வராது. ஆனால் உடலின் காவலர்கள் அச்சட்டையை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்வார்கள். பிற்பாடு உண்மைத் திருடன் அதே சட்டையோடு வந்தால் வாசலிலேயே பிடிபடுவான். இதற்கு முன்னர், 1981ஆம் ஆண்டில் வந்த முதல் தடுப்பூசியை நோய் தொற்றியவர்களின் குருதியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஈஸ்ட் அந்த அச்சத்தைப் போக்கியது, விலையையும் இறக்கியது. 2011ஆம் ஆண்டு டிசம்பரில் நம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும், இத்தடுப்பு மருந்தையும் உள்ளடக்கிய ஐந்நோய்த் தடுப்பூசியை அரசு குழந்தைகளுக்கு விலையின்றிப் போடத் தொடங்கிற்று. எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்டு வீறிட்டழும் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம், அந்த அழுகைக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்று எண்ணிக்கொள்வேன்.

பெங்களூரில் கிரண் மஜும்தார் ஷா 1978ஆம் ஆண்டில் தொடங்கிய பயோகான் நிறுவனம், தொடக்கத்தில் பப்பாளிப் பாலிலிருந்து நொதி எடுத்து விற்றது. அதே நிறுவனம் 2004ஆம் ஆண்டில் பிக்கியா ஈஸ்டின் உதவியால் மனித இன்சுலினைச் செய்து விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்று நம் அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் விலையின்றி வழங்கப்படுகிறது. ஒரு தலைமுறைக்கு முன்னரே இவ்வாறு நடந்திருந்தால், என் மாணவி இன்று நடுத்தர வயதுப் பெண்மணியாக இருந்திருப்பாள்.

இனி எரிபொருளுக்கு வருவோம். சர்க்கரையைச் சாராயச் சத்தாக்கும் நுண்ணுயிர் நமக்குப் புதிதன்று. அந்தச் சத்தாகிய எத்தனாலைப் பெட்ரோலுடன் கலந்து வண்டி ஓட்டலாம். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கலக்கும் நிலையையும், 2025ஆம் ஆண்டில் இருபது பங்கு கலக்கும் நிலையையும் எய்தினோம். ஆனால் இந்த எத்தனால் கரும்பிலிருந்தும், மக்காச்சோளத்திலிருந்தும், அரிசியிலிருந்தும் வருகிறது. வானம் பார்த்த பூமியில் வாழ்ந்த எனக்கு, உண்ணும் அரிசியை எரிப்பது என்றால் நெஞ்சம் சற்றே தயங்குகிறது. வைக்கோலிலிருந்தும், சக்கையிலிருந்தும், எங்கள் மாவட்டத்தை மூடிக்கிடக்கும் சீமைக் கருவேல மரத்திலிருந்தும் எடுக்க இயலாதா?

இயலும், ஆனால் எளிதன்று. மரத்திலும் வைக்கோலிலும் சர்க்கரை இருக்கிறது, பூட்டிவைக்கப்பட்டு இருக்கிறது. பூட்டை உடைத்தாலும் வெளிவரும் சர்க்கரையில் ஒரு பங்கு சைலோஸ் என்னும் வகை. சாதாரண ஈஸ்ட் அதைத் தொடாது. ஈ.கோலை பாக்டீரியா சைலோஸை உண்ணும். ஆனால் சாராயச் சத்தை நிறையத் தராது. வேறொரு பாக்டீரியா உண்டு. சைமோமோனாஸ் என்று பெயர். மெக்சிகோவின் கற்றாழைக் கள்ளிலும், வெப்ப நாடுகளின் பனைவகைக் கள்ளிலும் வாழ்வது. அது சாராயச் சத்தைத் தருவதில் ஈஸ்டையே விஞ்சும் விரைவுடையது. ஆனால் சைலோஸை உண்ணாது. ஒருவனுக்குப் பசி உண்டு, தொழில் தெரியாது. மற்றவனுக்குத் தொழில் தெரியும், இந்த உணவு இறங்காது. புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் லோனி இங்கிராம் என்னும் பேராசிரியர், சைமோமோனாஸின் இரண்டு மரபணுக்களை எடுத்து ஈ.கோலையில் வைத்தார். மரக்கழிவின் சர்க்கரையை உண்டு எரிபொருள் தரும் புதிய பணியாள் கிடைத்தான். 1991ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு வழங்கிய ஐம்பது இலட்சமாவது காப்புரிமை இதற்கே உரியது. கள்ளுக் கலயத்து உயிரினம் ஒன்றுக்கு இத்தகைய பெருமை வாய்க்கும் என்று யார் நினைத்திருப்பார்?

நம் நாட்டிலும் அரியானா மாநிலத்தின் பானிப்பட்டில் 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஓர் ஆலை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு இரண்டு இலட்சம் டன் நெல்வைக்கோலிலிருந்து மூன்று கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் திட்டம். கழனியில் வைத்துக் கொளுத்தி வானைக் கருக்கும் வைக்கோலுக்கு இது நல்வழியன்றோ?

எங்கள் கடலிலும் வாய்ப்பு உண்டு. மன்னார் வளைகுடாவில் சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி விளைகிறது. அதிலுள்ள ஆல்ஜினேட் என்னும் பிசினுக்காக அதை நெடுங்காலமாக எடுத்து வந்திருக்கிறார்கள். அப்பிசினை உண்டு எத்தனால் தரும் ஈ.கோலையை 2012ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் உருவாக்கிக் காட்டினர். நிலமும் நன்னீரும் உரமும் வேண்டாத பயிர் கடற்பாசி. நம் கரையோர மகளிர் பலருக்கு அது வாழ்வும் ஆகும்.

எனினும், நல்ல செய்தியை மட்டும் சொல்லி நிறுத்துவது ஆசிரியனுக்கு அழகன்று. இரண்டு எச்சரிக்கைகளைக் கூறுவேன்.

முதலாவது, காவல். மண்டபத்துக் கடலில் வளர்க்கக் கொண்டுவந்த அயல்நாட்டுச் செம்பாசி ஒன்று பவளப் பாறைகள்மேல் படர்ந்ததை 2008ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். அது மரபணு மாற்றிய உயிரன்று. இருந்தும், ஓர் உயிரைப் புதிய இடத்தில் விட்டால் அது நம் சொற்படி நிற்பதில்லை என்பதற்கு அது சான்று. மரபணு மாற்றிய உயிர்களிடத்தில் இந்த விழிப்பு இன்னும் மிகுதியாக வேண்டும். அறிஞர்களே 1975ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் அசிலோமரில் கூடித் தமக்குத் தாமே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். நம் நாட்டிலும் 1989ஆம் ஆண்டு முதல் இதற்கென விதிகள் உள்ளன. மருந்து சமைக்கும் நுண்ணுயிர்கள் மூடிய கொப்பரைகளுக்குள்தான் வளர்க்கப்படுகின்றன. அந்த மூடி திறவாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது, விலை. மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் என்னும் மருந்து ஒரு செடியிலிருந்து கிடைக்கிறது. அதன் முன்பொருளை ஈஸ்ட் தருமாறு செய்தார் பெர்க்லியின் ஜே கீஸ்லிங். 2013ஆம் ஆண்டில் ஆலையில் உற்பத்தியும் தொடங்கியது. ஆனால் செடியிலிருந்து எடுத்த மருந்தின் விலை அப்போது சரிந்துவிட்டது. ஈஸ்டின் மருந்து சந்தையில் நிற்க இயலவில்லை. ஆய்வுக்கூடத்தில் வென்றது அங்காடியில் தோற்றது. நுண்ணுயிர் தன் வேலையைச் செய்துவிடும். அது செய்ததை எளியவன் வாசலுக்குக் கொண்டு சேர்ப்பது மனிதன் வேலை. அந்த வேலைக்கு மரபணு எதுவும் இல்லை, மனம்தான் வேண்டும்.

மாணவர்களே! இக்கல்வி எங்கோ பெருநகரங்களுக்கே உரியது என்று எண்ணிவிடாதீர்கள். தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இயங்குகிறது. மண்டபத்தில் கடற்பாசியை ஆராயும் நிலையம் இருக்கிறது. அவ்வளவு தொலைவும் போக வேண்டாம். இன்று மாலையே ஒரு புட்டியில் வெதுவெதுப்பான சர்க்கரை நீரை ஊற்றி, ஒரு சிட்டிகை ஈஸ்டைப் போட்டு, வாயில் ஒரு பலூனை மாட்டி வையுங்கள். ஒருமணி நேரத்தில் பலூன் எழுந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஒருவர் உள்ளே மூச்சு விடுகிறார் என்பதை உங்கள் கண்ணே கண்டுவிடும். இன்னொரு புட்டியில் சிறிது சுண்ணாம்பைத் தெளித்துப் பாருங்கள். இரண்டையும் ஒப்பிட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். கேள்வி பிறக்கும். கேள்வி பிறந்தால் வழியும் பிறக்கும்.

நான் ஓய்வு பெற்ற நாளில் பள்ளியின் பழைய வருகைப் பதிவேடுகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். 1991ஆம் ஆண்டுப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே ஐப்பசிக்குப் பிறகு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அவள் அன்று சொன்ன விடையை நான் பின்னர் ஆண்டுதோறும் புதிய வகுப்பினருக்குச் சொல்லி வந்தேன். இன்று உங்களுக்கும் சொல்லிவிட்டேன். இவ்வறிவியலைக் கற்று உயரப் போகிறவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். எதைக் கண்டுபிடித்தாலும், அது எங்கள் ஊர்க் கடைசி வீட்டின் மண்பானை வரை வந்து சேருமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியைத்தான் நான் உங்களிடம் வேண்டுகிறேன்.